ஜானவாசக் காரின் முன் பிரேக்

பிற்பகல் இரண்டேகால் மணிக்கு எங்கள் பந்தல் வாசலில் கட்டியிருந்த வாழைமரம் சாய்ந்தது. என் தம்பியின் கார் அதன்மேல் மோதி நின்றது.

"பிரேக்கை மிதிச்சேன் அக்கா. கால்தான் உள்ளே போறது, வண்டி நிக்கலே" என்றான். ஸ்டியரிங்கில் முறுக்கிக்கொண்ட இடது மணிக்கட்டு அதற்குள் வீங்க ஆரம்பித்திருந்தது.

மறுநாள் என் பெண்ணுக்குக் கல்யாணம். அன்று மாலை ஆறரைக்கு ஜானவாசம். மாப்பிள்ளையைக் கோவிலிலிருந்து எங்கள் வீடு வரை, மேளதாளத்தோடு, திறந்த காரில் அழைத்துவர வேண்டும். அந்தத் திறந்த கார்தான் வாழைமரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது. யுத்தம் முடிந்து சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடம் தம்பி வாங்கிய பந்தயக் கார் அது. இரண்டே பேர் உட்காரலாம். மாப்பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டிருந்தார். அவருடைய அப்பாவுக்கு மட்டும் மனசில்லை. "பந்தயத்துல ஓடற வண்டி மெதுவாப் போகுமா? போனாலும் நிக்குமா?" என்று நிச்சயதார்த்தத்தன்றே என்னைக் கேட்டார். நிற்கும் என்று சொல்லியிருந்தேன்.

ஊர்வலத்தில் காருக்கு முன்னால் நாகஸ்வரக்காரர், காஸ் லைட் சுமப்பவர்கள், அவர்களுக்கு நடுவே குழந்தைகள். அந்தக் குழந்தைகளில் பாதி எங்கள் வீட்டுக் குழந்தைகள்.

வேறு கார் கிடைக்காது. முகூர்த்த நாள், மைலாப்பூரில் உள்ள திறந்த கார்களெல்லாம் வேறு மாப்பிள்ளைகளுக்குப் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமை என்பதால் பட்டறையும் இல்லை. என் கணவர் சம்பந்தி வீட்டாரை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போயிருந்தார்.

"முன் சக்கரத்துக்குப் புது பிரேக் ஷூ வாங்கி உள்ளே வெச்சிருக்கேன். மாத்தினாப் போறும். ஆனா ரெண்டு கை வேணுமே" என்றான் தம்பி.

"என்கிட்ட இருக்கு மாமா."

திரும்பிப் பார்த்தேன். மருதாணிக் கையோடு கல்யாணப் பெண் நின்றாள். அந்தக் காரை அவன் பிரிக்கும்போதெல்லாம் கூடவே உட்கார்ந்திருப்பவள்.

"கல்யாணப் பொண் வாசப்படி தாண்டப்படாது" என்று என் நாத்தனார் குறுக்கே வந்தாள்.

"வாசப்படி இல்லே அத்தை, கொல்லைப்படி" என்று சொல்லிவிட்டு அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பந்தல்காரர்கள் காரைச் சந்து வழியாகக் கொல்லைக்குத் தள்ளினார்கள்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தின் நடுவிலிருந்த பெரிய மறையை மரச் சுத்தியலால் தட்டித் திருகினாள். சக்கரம் வந்தது, அதற்குள்ளிருந்த டிரம் வந்தது. உள்ளே பிறை வடிவத்தில் இரண்டு ஷூக்கள். டிரம்மைப் பற்றி வண்டியை நிறுத்த வேண்டிய பட்டை தேய்ந்து, ஆணித்தலைகள் பளபளத்தன. மறு சக்கரமும் அப்படியே. "இத்தனை நாள் இதுலயா மாமா ஓட்டினே?" என்று கேட்டாள். தம்பி வீங்கிய மணிக்கட்டைத் தடவிக்கொண்டான்.

புது ஷூக்களை எடுக்க உள்ளே போனேன். அவை சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே, தாம்பாளத்தில், மஞ்சளும் நல்லெண்ணெயும் தடவி மினுமினுவென்று இருந்தன.

"புது இரும்பாச்சேன்னு தடவினேன். சீரோட வந்ததுன்னு நெனைச்சேன்" என்றாள் நாத்தனார். புது அரிவாள்மணைக்கும் தோசைக்கல்லுக்கும் செய்ததைத்தான் இதற்கும் செய்திருந்தாள்.

தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். "எண்ணெய் பட்டா வழுக்கும். பிரேக்கே இல்லாத மாதிரிதான். பெட்ரோல்ல கழுவலாம், ஆனா ரேஷன் கூப்பனுக்குக் கெடைச்சது ஊர்வலத்துக்கே சரியா இருக்கு."

இருபது வருஷமாக எண்ணெய்க் கறையோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். சமையல்காரரின் அடுப்பில் ஒரு குண்டானை ஏற்றி, சலவை சோடாவை அள்ளிப் போட்டு, நான்கு ஷூக்களையும் கொதிக்கவிட்டேன். சமையல்காரர் எட்டிப் பார்த்தார்.

"மாமி, இதுக்கு உப்பு எப்போ போடணும்?"

மஞ்சள் தண்ணீரைக் கொட்டிவிட்டு இன்னொரு முறை கொதிக்கவைத்தேன். தணலுக்குமேல் கம்பியில் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்தேன். விரலை வைத்து இழுத்துப் பார்த்தால் வழுக்கவில்லை. தம்பி முகர்ந்துகூடப் பார்த்தான். "போறும் அக்கா" என்றான். அந்த வார்த்தைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஷூக்களைப் பொருத்தும்போது ஒரு ஸ்பிரிங் குறட்டிலிருந்து தெறித்து எங்கோ போயிற்று. எல்லோரும் தரையில் தவழ்ந்தோம். வாழையிலைக் கட்டுக்குள்ளிருந்து அதைக் கண்டெடுத்தவள் நாத்தனார். "இதுக்கு எண்ணெய் தடவலே" என்று சொல்லி நீட்டினாள். அன்று முதன்முதலாகச் சிரித்தோம்.

பெண் சக்கரத்தைச் சுழற்றினாள், தம்பி மிதித்தான். வலது பக்கம் உடனே பிடித்தது, இடது பக்கம் தாமதித்தது. அதைத் திருகி, மறுபடி சுழற்றி, இரண்டும் ஒன்றாகப் பிடித்த பிறகுதான் எழுந்தாள். மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு தம்பி சந்தில் ஓட்டிப் பார்த்தான். மிதித்த இடத்தில் வண்டி நின்றது.

ஊர்வலம் தேரடித் தெருவில் திரும்பும்போது நான் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். சம்பந்தி காருக்கு நேர் முன்னால் போனார். திடீரென்று அவருடைய அங்கவஸ்திரம் நழுவி விழுந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் அப்படியே குனிந்துவிட்டார். கார் நின்றது. மாப்பிள்ளையின் கழுத்து மாலை ஒருமுறை முன்னுக்கு ஆடி அடங்கியது. வண்டியின் மூக்குக்கும் சம்பந்தியின் பஞ்சகச்சத்துக்கும் நடுவே ஒரு தேங்காய் வைக்கலாம், அவ்வளவுதான்.

காஸ் லைட்காரர் கத்தினார்: "இன்னா பெர்சு, வண்டிக்கு முன்னால குனிஞ்சிக்கினு கீறே! பிரேக்கு புடிச்சதால பொழச்சே!"

சம்பந்தி காரைப் பார்த்தார். பிறகு காரை ஓட்டிவந்த தம்பியின் பக்கம் போய் ஏதோ கேட்டார். தம்பி பொய் சொல்லத் தெரியாதவன். வெகுநேரம் பேசிக்கொண்டே வந்தார்கள். இதை எழுதும்போதுகூட அந்தக் குனிந்த முதுகுதான் கண்ணில் நிற்கிறது.

பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த அறைக்கு அவரே வந்தார். எல்லோரும் எழுந்தோம். பெண் கையை மறைக்கப் பார்த்தாள். மருதாணிச் சிவப்பின் ஓரமெல்லாம் கறுப்பு மசி, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. சம்பந்தி அந்தக் கையைப் பார்த்துவிட்டார்.

"எங்காத்து வண்டியும் கொஞ்ச நாளா சரியா நிக்கறதில்லேம்மா" என்றார். "வரச்சே அந்த மரச் சுத்தியலையும் எடுத்துண்டு வா."