மேடைக்கு வந்த கழுதை

அடையாறு பூங்காவில் ஞாயிறு மாலை நகைச்சுவை நாடகம். வாசலில் சாய்தளம் போட்டிருந்ததால் என் சக்கர நாற்காலி சுலபமாக உள்ளே போய்விட்டது. எங்களைப் போன்றவர்களுக்கென்று முன்வரிசையில் இடமும் விட்டிருந்தார்கள். என்னை அங்கே நிறுத்திவிட்டு என் கணவர் சுண்டல் வாங்கப் போனார். நாடகம் தொடங்கியதும் பின்னாலிருந்த கூட்டம் செல்போனைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. முதுகுகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

பக்கத்தில் மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி, மடியில் வெள்ளைக் கோல், காதில் இயர்போன். பார்வையற்றவர்களுக்காக மேடையில் நடப்பதையெல்லாம் ஒரு பெண் அதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஐயா, எனக்கு மறைக்குது. மேடையில என்ன நடக்குது?" என்றேன்.

"என்னாண்டயா கேக்குறீங்க?" அவருக்கு ஒரே சந்தோஷம். "ராஜாவோட வேட்டி அவுந்துடுச்சும்மா. மந்திரி வேற பக்கம் பாத்துக்கினு கீறாரு. இப்போ ஒரு கழுதை வருது. ராஜா கிரீடத்தைத் துன்னுது."

வயிறு வலிக்கச் சிரித்தேன்.

நாடகம் முடிந்த பிறகுதான் என் கணவர் திரும்பினார். மேடை ஓரமாகவே நின்று முழுவதும் பார்த்தாராம்.

"அந்தக் கழுதை பிரமாதம் இல்ல?" என்றேன்.

"எந்தக் கழுதை?"

திரும்பிப் பார்த்தேன். மஞ்சள் சட்டைக்காரர் கோலைத் தட்டிக்கொண்டு வாசல் பக்கம் போய்க்கொண்டிருந்தார். கழுதையைக் கொண்டுவந்தது அவரா, அவர் காதில் பேசிய பெண்ணா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அது கிரீடத்தை மென்ற அழகு மட்டும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.