அப்பாவிடம் கேட்காத கேள்வி

அறுபதுகளின் தொடக்கம் அது. மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்த என்னைப் பல்கலைக்கழகத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சிங்கப்பூரில் சிராங்கூன் ரோட்டில் துணிக்கடை வைத்திருந்த அப்பாவிடம் பள்ளிக்கூட வேலை என்று மட்டும் சொல்லித் துணைக்கு அழைத்துப் போனேன். அடுத்த மாதம் அத்தை மகனோடு எனக்குக் கல்யாணம். உண்மையைச் சொன்னால் விடமாட்டார் என்று பயம்.

"ஏன் டாக்டராகணும்?" என்று நேர்காணல் நடத்திய சீன அம்மையார் ஒருவர் கேட்டார். ஏழைகளுக்குச் சேவை செய்ய என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

"எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. உன் காரணம் என்ன?"

"எனக்குப் படிக்கணும் மேடம். இடம் கிடைக்கலன்னா அடுத்த மாசம் கல்யாணம்." என்னையும் மீறி வந்துவிட்டது.

"வீட்டுல தெரியுமா?"

தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உடனே அப்பாவை உள்ளே அழைத்து, எல்லாவற்றையும் மலாயில் சொல்லிவிட்டார். அப்பாவின் முகம் இறுகியது. என்னைப் பார்க்கவே இல்லை.

கடைசியில் அப்பா மலாயிலேயே சொன்னார்: "இடம் கொடுங்க. கல்யாணத்தை நான் நிறுத்திடுறேன்."

வீடு திரும்பும்போது பஸ்ஸில் மெதுவாகக் கேட்டார்: "இதை என்கிட்ட கேட்க அவ்வளவு பயமாம்மா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இடம் கிடைத்தது, டாக்டரானேன். அத்தை அதன்பின் சாகும்வரை எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. தன் ஒரே தங்கையை இழந்ததைப் பற்றி அப்பா என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரை எவ்வளவு குறைவாகத் தெரிந்து வைத்திருந்தேன் என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.