கைநாட்டு வைத்த ஸ்லிப்புகள்

மோகனூர்ப் பக்கம் ஒரு கிராமத்துக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். செயலாளருக்கு வேறு இரண்டு சங்கங்களும் பொறுப்பு. எப்போதாவது எட்டிப் பார்ப்பார். மற்றபடி மேசை, பீரோ, நான். கல்யாணம் ஆகாதவள் என்பதால் வீட்டிலும் அதே கதைதான். பீரோ மட்டும் கிடையாது.

கரும்பு வெட்டப் போகும் பெண்கள்தான் எனக்குப் பேச்சுத்துணை. பணம் எடுக்க வந்தால் ஒரு நாள் கூலி போய்விடும். அதனால் தொகை எழுதாத வித்டிராயல் ஸ்லிப்பில் முன்கூட்டியே கைநாட்டு வைத்து என்னிடம் கொடுத்துவைப்பார்கள். வீட்டு ஆள் வந்து கேட்டால் நிரப்பிக் கொடுப்பேன். விதிப்படி தப்பு. ஆனால் என்னை இவ்வளவு நம்புகிறார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள், அந்தப் பெண்களில் ஒருத்தியான பாவாயியின் வீட்டுக்காரர் வந்தார்.

"அவ காட்டுக்குப் போயிட்டாளுங்க அம்மணி. புள்ளைக்குப் பீஸ் கட்டோணும். இருக்கறத எடுத்தாரச் சொன்னாளுங்க."

மகளின் நர்சிங் படிப்புக்காகப் பாவாயி பணம் சேர்ப்பது எனக்குத் தெரியும். கொடுத்துவிட்டேன்.

நான்காம் நாள் பாவாயியே பாஸ்புக்கோடு வந்தாள். பணத்தை வீட்டுக்காரர் வாங்கிப் போய்விட்டார் என்று நான் சொன்னது அவளுக்கு விளங்கவே நேரம் பிடித்தது.

"நான் சொல்லலீங்களே! அந்தாளு குடிச்சே தீத்திருப்பான். நீங்க எப்படிங்க குடுத்தீங்க?"

"தப்புதான் பாவாயி. நான் என் கையிலிருந்து தர்றேன்."

"உங்க காசு எனக்கெதுக்குங்க? என்ற காசு எங்கீங்க?"

அந்த வருசம் அவள் மகள் கல்லூரிக்குப் போகவில்லை. நூல் மில்லுக்குப் போனாள்.

செயலாளரிடம் நடந்ததைச் சொன்னேன். மெமோ வந்தது. மீதி ஸ்லிப்புகளை அவரவர் கண்முன் கிழித்துப் போட்டேன். ஞாயிறுதோறும் சங்கத்தைத் திறந்து, கையெழுத்துப் போடவும் தொகையை எழுத்தால் எழுதவும் கவுண்டரை விட்டு நகருமுன் எண்ணிப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தேன். "யாரையும் நம்பாதீங்க, என்னையும் சேர்த்துத்தான்" என்று ஒவ்வொரு முறையும் சொல்வேன். பாவாயியும் வந்தாள். கடைசி வரிசையில் உட்காருவாள், முடிந்ததும் முதல் ஆளாக எழுந்து போவாள். எல்லோரையும்விட நன்றாகக் கற்றுக்கொண்டவள் அவள்தான். போகப் போக மற்றவர்களும் வந்த வேலையைத் தாங்களே முடித்துக்கொண்டு கிளம்பினார்கள். என்னிடம் கேட்க யாருக்கும் ஒன்றும் இல்லை.

நான் ஓய்வு பெற இருந்த வாரம் பாவாயி வந்தாள். ஒரு வருசம் தள்ளிச் சேர்ந்த மகளுக்குக் கடைசி பீஸ் கட்ட வேண்டும். ஸ்லிப்பை நிரப்பிக் கையெழுத்துப் போட்டாள்.

"தேதி விட்டுட்டே. குடு, நான் போடறேன்" என்று கை நீட்டினேன்.

ஸ்லிப்பைச் சட்டென்று தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "இருங்க. நானே போட்டுக்கறேனுங்க."

போட்டாள். எண்ணி வாங்கிக்கொண்டு போனாள்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். உறுப்பினர் உங்களையே நம்பாமல் சரிபார்த்தால், சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை என்று அர்த்தம். அன்று எனக்கும் அது தெரியும். தெரிந்தும், கவுண்டரைச் சாத்திவிட்டு உள்ளே போய் அழுதேன்.