யானையைக் கட்டும் கயிறு

மேலப்பாளையத்தில் எனக்கு ஒரு கயிற்றுக்கடை இருக்கிறது. மாடு கட்ட, கிணற்றில் வாளி இறக்க, லாரியில் வாழைத்தார்களை இறுக்க என்று வருகிறவர்களுக்குக் கிலோக் கணக்கில் கயிறு நிறுத்துக் கொடுத்தே இருபது வருஷம் போய்விட்டது. தாங்குமா என்று யார் கேட்டாலும் என்னிடம் ஒரே பதில்தான். "யானையவே கட்டலாம்." யானை வைத்திருப்பவர் ஒருவர்கூட இதுவரை கடைக்கு வராததால் அந்த வார்த்தைக்கு எந்தச் சேதமும் வந்ததில்லை.

என் மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஒரு நாள் சாப்பிடும்போது, பாறை உச்சியிலிருந்து கயிற்றில் இறங்கக் கற்றுக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். ராப்பெல்லிங் என்று அதற்குப் பெயராம். அம்பாசமுத்திரம் போகிற வழியில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்கிறாராம். அவள் உம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு நொடி போதும். நீச்சலுக்கும் அப்படித்தான் சொன்னேன், பள்ளிச் சுற்றுலாவுக்கும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் அவள் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போனாள். தாமிரபரணிக்குப் பக்கத்தில் வளர்ந்தும் நீந்தத் தெரியாத பிள்ளை அவள். அதற்கு நான்தான் காரணம் என்பது ரொம்ப நாளாக எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது.

"நான் வந்து பாப்பேன். திருப்தியா இருந்தாத்தான் விடுவேன்" என்றேன்.

"வாங்க வாப்பா. கயித்தப் பத்தி உங்களுக்குத் தெரியாததா?" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் நான் குளிர்ந்துபோனேன்.

மூன்று மாடி உயரமிருக்கும் அந்தப் பாறை. மேலே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். சொல்லிக்கொடுப்பவர் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். "நம்ம கயித்துக்கடை பாய்லா இது" என்று மற்றவர்களிடம் சொன்னார். எனக்கு ஆளை நினைவில்லை. பாறையில் தொங்கிய கயிறுதான் நினைவுக்கு வந்தது. மஞ்சளில் ஒரு நீல இழை. என் கடைச் சரக்கு.

ஒளிக்காமல் சொல்கிறேன், முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மகளிடம், "நம்ம கயிறு" என்றேன். ஒருவன் அப்போதுதான் விறுவிறுவென்று இறங்கி முடித்திருந்தான். எட்டு மாதிரி வளைந்த உலோக வளையத்துக்குள் கயிற்றைக் கோத்து இறங்குகிறார்கள். அந்த வளையத்தை மேலே இழுத்ததும் எப்படி இருக்கிறதென்று பார்க்கக் கையில் வாங்கினேன். சுரீர் என்று சுட்டது.

கடையில் கயிறு வெட்டினால் முனை பிரியாமலிருக்க லைட்டரைக் காட்டுவேன். இரண்டு நொடியில் உருகி ஒட்டிக்கொள்ளும். நைலான் என்று சொல்லித்தான் விற்கிறோம், ஆனால் இந்த மஞ்சள் கயிறு வெறும் பிளாஸ்டிக் இழை. சூடு ஆகவே ஆகாது. கயிற்றை விரலிடுக்கில் விட்டு உருவினேன். ஓரிடத்தில் முறுக்கெல்லாம் அமுங்கி, மெழுகு வழிந்ததுபோல வழவழவென்று மின்னியது. அடுத்து இறங்க வேண்டியவளாக என் மகள் இடுப்பில் பட்டையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கயித்துல ஆளு எறங்கக் கூடாது" என்றேன்.

"என்ன பாய் இப்படிச் சொல்லுதிய? யானையவே கட்டலாம்னு நீங்கதான சொன்னிய?" என்றார் சொல்லிக்கொடுப்பவர்.

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கு வரவில்லை, அவமானம்தான் வந்தது.

"ஏவாரத்துக்குச் சொன்னேன். அது பொய்" என்றேன். மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மினுமினுத்த இடத்தை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன். அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை. அவர் முணுமுணுத்தபடி கயிற்றை அவிழ்த்தார். வேறு கயிறு தருகிறேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. ஆள் இறங்குகிற கயிறு என் கடையிலேயே கிடையாது.

திரும்பும்போது பஸ்ஸில் மகள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். "அப்போ இதும் வேண்டாமா வாப்பா?" என்று கேட்டாள்.

"இவர்ட்ட வேண்டாம். வேற இடம் பாப்போம்" என்றேன். அவள் நம்பாததுபோல என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

தேடுவதற்கு இரண்டு மாதம் பிடித்தது. கயிறு வாங்கி எவ்வளவு நாளாச்சு, அது அறுந்தால் பிடிக்க இரண்டாவது கயிறு உண்டா, இறங்குகிறவர் கைவிட்டால் யார் நிறுத்துவார் என்று கேட்டுக்கொண்டே போனேன். கேட்டதும் எரிச்சல்பட்டவர்களை அப்படியே விட்டுவிட்டேன். கடைசியில் மதுரையிலிருந்து மாதம் ஒரு முறை வந்து வகுப்பெடுக்கும் ஒரு பெண் கிடைத்தார். நான் கேட்டு முடிக்கும் முன்பே ஒரு நோட்டை நீட்டினார். ஒவ்வொரு கயிறும் எப்போது வாங்கியது, எத்தனை நாள் உழைத்தது, எது எதற்காகக் கழிக்கப்பட்டது என்று அதில் எழுதியிருந்தது. என் கடையில் கயிற்றின் வயதை யாரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

முதல் நாள் பாறைப் பக்கமே போகவில்லை. முடிச்சுப் போடவும் அவிழ்க்கவும், ஒருவர் கட்டியதை இன்னொருவர் சோதிக்கவும் மட்டுமே கற்றுக்கொடுத்தார். மறுநாள் ஒரு மேட்டை ஒட்டிய பத்தடிச் சுவர். "கேள்வி கேக்கவும் தெரியணும், எறங்கவும் தெரியணும்" என்று சொல்லி என் இடுப்பிலும் பட்டையை மாட்டிவிட்டார்.

சுவர் விளிம்பில் முதுகைக் காட்டி நின்றேன். பத்தடிதான், ஆனாலும் கீழே பார்க்காமல் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டேன். என் இரண்டாவது கயிறு மகளின் கையில். அவளுக்குப் பின்னால் அதே கயிற்றை அந்தப் பெண்ணும் பிடித்திருந்தார். என் வாய் தானாகக் கேட்டது.

"தாங்குமா?"

யானை என்று சொல்லிக் கேலி செய்வாள் என்று நினைத்தேன். அவளோ கயிற்றைப் பின்னாலிருந்தவர் வசம் விட்டுவிட்டு என்னருகில் வந்தாள். இடுப்பு வாரை இழுத்துப் பார்த்தாள். முடிச்சை விரலால் அழுத்தினாள். கொக்கியின் பூட்டைத் திருகினாள். சுவருக்குப் பின்னால் கயிறு கட்டியிருந்த இரண்டு இடங்களுக்கும் போய்க் குனிந்து பார்த்தாள். பிறகு தன் இடத்துக்குத் திரும்பி, கயிற்றை மறுபடி கையில் எடுத்தாள்.

"பாத்துட்டேன் வாப்பா. பையச் சாயுங்க."

நான் சாய்ந்தேன்.