கடைசி வயல் தலைவருக்கு

மழை வரப்போவது தெரிந்தும், சங்கத்தின் அறுவடை மிஷினை முறை மாற்றி என் மச்சான் வயலுக்கு அனுப்பினேன். கீரப்பாளையம் பக்கத்தில் எங்கள் ஊர் விவசாயக் கூட்டுறவுச் சங்கத்துக்கு அப்போது நான்தான் தலைவர். அன்று மிஷின் போயிருக்க வேண்டியது, வாய்க்கால் முடியும் பள்ளத்தில் தனியாகப் பயிர் செய்த ஒரு பெண்ணின் வயலுக்கு. மிஷின் பெல்ட் அறுந்துவிட்டது என்று அவளிடம் பொய் சொன்னேன். மேட்டில் இருந்த மச்சானின் நெல் வீடு சேர்ந்தது. அவளுடைய சம்பா தண்ணீரில் சாய்ந்து, கதிரிலேயே முளைவிட்டது.

பிறகு பள்ளத்து வயல்காரர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். மிஷின் கொட்டகையில் துருவேறியது. நான் திருப்பாதிரிப்புலியூரில் இருந்த மகன் வீட்டுக்குப் போய்விட்டேன்.

சில வருடங்கள் கழித்துத் திரும்பி என் வயலில் மறுபடி பயிர் வைத்தபோது அவள்தான் தலைவி. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, விலகியவர்கள் எல்லோரும் சங்கத்தில் இருந்தார்கள். அறுவடைக்கு முன் மொத்தப் பேரும் வரப்பில் நடந்து, கதிரைக் கசக்கிப் பார்த்து, யாருக்கு எப்போது மிஷின் என்று அங்கேயே பேசி முடித்தார்கள். தலைவர் வயல் மட்டும் எப்போதும் கடைசி. இவ்வளவு எளிய ஏற்பாடு செத்த சங்கத்தை எழுப்பியிருந்தது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து எல்லோர் முன்னாலும் உண்மையைச் சொன்னேன்.

"அன்னைக்கே தெரியும் மாமா. மிஷின் சத்தம் என் வயலு வரைக்கும் கேட்டுச்சே" என்றாள் அவள்.

"இந்த வருசம் என் வயலைக் கடைசில வச்சிடும்மா."

"கடைசி எடம் தலைவருக்கு. அது வேணும்னா எலெக்‌ஷன்ல நில்லுங்க."

கூட்டம் சிரித்தது. என் வயலுக்கு முறைப்படியே மிஷின் வந்தது.

அந்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. மிச்சமிருந்தது அவள் வயல்தான். சேற்றில் மிஷின் இறங்கவில்லை. விடிந்ததும் அருவாளோடு போனேன். யாரும் கூப்பிடாமலேயே சங்கமே அங்கே நின்றது, என் மச்சான் உட்பட.

"பழைய தலைவரே, வெரலப் பாத்து அறுங்க! அது மொளைக்காது" என்று ஒருவர் கத்தினார்.

எனக்கு அறுக்க வரவில்லை. கட்டுகளை மேட்டுக்குச் சுமந்தேன். "மாமா, ஈரக் கட்டத் தனியா போடுங்க" என்று எல்லோரையும் போல என்னையும் ஏவினாள். பாதிக்கு மேல் நெல் கரையேறியது. மீதி முளைத்துவிட்டது. அதை அவள் மாட்டுக்கு அறுத்துப் போட்டாள்.