எல்லாமே சிவப்பு வயர்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பேச்சில் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. பசிக்கிறதா என்று கேட்டாலும் "சரி" என்பார், வலிக்கிறதா என்று கேட்டாலும் "சரி" என்பார். வாரத்துக்கு இரண்டு நாள் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கைகால் பயிற்சிக்குக் கூட்டிப்போக வேண்டும். அவரை ஆட்டோவில் ஏற்றுவதற்குள் எனக்கும் ஆட்டோக்காரருக்கும் நாக்குத் தள்ளிவிடும். முற்றத்திலோ அவருடைய பழைய வெள்ளைக் கார் தார்ப்பாய்க்குள் சும்மா கிடந்தது.

என்னிடமும் லைசென்ஸ் உண்டு. ஆனால் பத்து வருடமாக அந்த வண்டி என் கைக்கு ஓடியதில்லை. சாவியைத் திருகினால் கரகரவென்று சுற்றும், பிடிக்காது. அவர் வந்து உட்கார்ந்தால் ஒரே திருகில் பிடித்துவிடும். "எட்டி, நீ சொன்னா இது கேக்காது" என்று சிரிப்பார். நான் அசடு வழிந்துகொண்டு, தைத்த துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடப்பேன். எனக்குக் கைராசி இல்லை என்று நானே நம்பிவிட்டேன்.

அப்போதுதான் கொழுந்தன் வந்தார். அவர் என் கணவரின் தம்பி. எட்டு மாதத்தில் அது அவருடைய இரண்டாவது வருகை.

"மைனி, வண்டி துருப் புடிச்சுக் கெடக்கு. நான் கொண்டுபோய் சரியாக்கி வச்சுக்கிடுதேன். உங்களுக்கு ஒரு ஆவசியம்னா நான் வரமாட்டேனா?"

முகத்தை முறித்துப் பேச எனக்கு வராது. "கொஞ்ச நாள் போகட்டும் தம்பி" என்றேன். அவர் தலை மறைந்ததும் தார்ப்பாயை இழுத்துக் கீழே போட்டேன். வண்டி ஓடினால் இவரை நானே கூட்டிப்போகலாம், ஓடாவிட்டால் அது கொழுந்தன் வீட்டுக்குப் போய்விடும் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. மற்ற எதுவும் தெளிவாக இல்லை.

காட்டாக்கடைப் பக்கம் பழைய வண்டிகளைப் பொளித்து, சாமான் சாமானாகப் பிரித்து விற்கிற கடை ஒன்று உண்டு. என் கணவரின் பாதி ஆயுள் அங்கேதான் போனது. நம்மிடம் உள்ள கெட்டுப்போன சாமானைக் கொடுத்து, கூடக் கொஞ்சம் காசும் கொடுத்தால் வேறொரு வண்டியில் இருந்து கழற்றியதைத் தருவார்கள். சேரவில்லை என்றால் மாற்றிக்கொள்ளலாம். அங்கே இருந்து பேட்டரி கொண்டுவந்தேன். போனில் மலையாள வீடியோ ஒன்றைப் பத்துத் தடவை பார்த்துப் பழைய பெட்ரோலை எடுத்துவிட்டுப் புதிது ஊற்றினேன். வண்டி சுற்றியது, பிடிக்கவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் பெட்ரோலில் நனைந்திருந்தது. பெட்ரோல் வருகிறது, நெருப்புத்தான் வரவில்லை என்று வீடியோக்காரன் சொன்னான். நெருப்புக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலை மாற்றினேன். பிடிக்கவில்லை. பழைய சாமான்தானே, அதுவும் செத்ததோ என்று இன்னொரு காயில் வாங்கினேன். அதற்கும் பிடிக்கவில்லை. மூன்று காயிலும் கெட்டதா, மூன்றும் நல்லதா, கெட்டுப்போனது என் தலையெழுத்தா என்று புரியாமல் பானெட்டுக்குள் தலையை விட்டபடி நின்றேன். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

மறுபடியும் இன்னொரு காயில் கேட்டுப் போனபோது கடைக்காரர் சிரித்துவிட்டார். "சேச்சி, காயில மாத்திக்கிட்டே இருந்தா ஆயுசு போவும். இந்தாங்க, இந்தப் பல்பைக் கொண்டு போங்க. கரண்டு எதுவரை வருதுன்னு பாத்துட்டு அப்புறம் வாங்க" என்று, இரண்டு வயர் கட்டிய சின்ன இண்டிகேட்டர் பல்பு ஒன்றைக் கையில் வைத்தார்.

சாவியைத் திருகிவிட்டுச் சாவிக்குப் பின்னால் உள்ள வயரில் பல்பை வைத்துத் தொட்டேன். பல்பு எரிந்தது. காயிலில் தொட்டேன். எரியவில்லை. அப்படியானால் நடுவில் எங்கேயோ அறுந்திருக்கிறது. நான் தையல்காரி. நூல் எங்கே விட்டது என்று தேடுவது எனக்குப் புதிதல்ல. ஆனால் இந்த வண்டியில் எல்லா வயரும் சிவப்பு! ஒரு தடவை எலி கடித்து எல்லாம் நாசமானபோது, வீடு கட்டி மிஞ்சிய ஒரு சுருள் சிவப்பு வயரை வைத்து மனிதர் வண்டி முழுக்க இழுத்துவிட்டார். லைட்டுக்கும் சிவப்பு, ஹார்னுக்கும் சிவப்பு. "எனக்குத் தெரியுமாக்கும், பிறகென்ன?" என்று அன்றைக்குச் சொன்னவர் இன்றைக்கு வாயில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு வயருக்கும் ஒரு துண்டுத் துணி கட்டிக்கொண்டே போனேன். பூப்போட்டது ஹார்ன், கட்டம் போட்டது வைப்பர், வெள்ளை லைட். மிஞ்சிய ஒரு வயர் காயிலுக்குப் போகாமல், கால்மிதிக்கு அடியில் புகுந்து, டிரைவர் சீட்டுக்குக் கீழே போனது.

அங்கே கையை விட்டேன். ஒரு சுவிட்ச் தட்டுப்பட்டது. ஏதோ பழைய ரேடியோவில் இருந்து எடுத்த குட்டிச் சுவிட்ச். உட்கார்ந்தவர் இடது கையைத் தொங்கவிட்டால் விரல் படுகிற இடம். மேலே தள்ளிவிட்டுச் சாவியைத் திருகினேன்.

ஒரே திருகில் பிடித்தது.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். நானோ சுவிட்சைக் கீழே தள்ளித் திருகிப் பார்த்தேன், பிடிக்கவில்லை; மேலே தள்ளினேன், மறுபடியும் பிடித்தது. பத்து வருடம்! அவர் தினமும் ஏறும்போது தட்டிவிட்டு, இறங்கும்போது தட்டி அணைத்திருக்கிறார். எலி கடித்ததற்கு முன்னால் நான் இந்த வண்டியைப் பெருங்கடவிளை வரை தனியாக ஓட்டியிருக்கிறேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஓட்டியதாக ஞாபகமே இல்லை.

காயில்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, சும்மா கேட்பதுபோலக் கடைக்காரரிடம் கேட்டேன்.

"கள்ளனுக்குப் பயந்து வைக்கியதாக்கும் சேச்சி" என்றார் அவர். "இங்க பழைய வண்டி வச்சிருக்க பாதிப் பேரு வச்சிருக்கானுவ. வீட்டுல மட்டும் சொல்லி வைப்பானுவ. அண்ணன் உங்ககிட்ட சொல்லாமலா இருந்திருக்கும்?"

"சொல்லியிருப்பாரு, நான்தான் மறந்திருப்பேன்" என்றேன். கணவரை விட்டுக்கொடுக்காமல் பேசிப் பழகிய வாய் தானாகவே அப்படிச் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்து அவர் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"இஞ்ச பாருங்க. அந்தச் சுவிச்சு கள்ளனுக்கு வச்சதா?"

"சரி."

"இல்ல, நான் ஓட்டக் கூடாதுன்னு வச்சதா?"

"சரி."

"ரெண்டுல எது? சொல்லுங்க!"

அவர் கண் நிறைந்துவிட்டது. குற்றம் பிடிபட்டதாலா, நான் கத்தியதாலா, எனக்குத் தெரியவில்லை. இப்படிப்பட்டவரிடம் எப்படிச் சண்டை போடுவது? சண்டை போடாமல்தான் எப்படி இருப்பது? கஞ்சியை ஊட்டும்போது இரண்டு வாய் வேகமாக ஊட்டினேன். பிறகு எனக்கே கேவலமாக இருந்தது.

மூன்று வாரம் நான்தான் ஓட்டினேன். முதல் நாள் அமரவிளைப் பாலத்தில் பின்னால் எல்லோரும் ஹார்ன் அடித்தார்கள். வியர்த்துக் கொட்டியது. ஆனாலும் போய்ச் சேர்ந்து, திரும்பியும் வந்தோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வண்டி ஓடுகிறது என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தார். "மைனி, சாவியைத் தாங்க. பொம்பளை இந்த ரோட்டுல ஓட்டி எங்கயாவது கொண்டு இடிச்சா அண்ணனை ஆரு பாப்பா? ஆசுபத்திரிக்கு நான் கொண்டு போறேன்" என்றார். வண்டி அண்ணன் பெயரில் இருக்கிறது, அண்ணனுக்குப் பேச்சு இல்லை, தம்பி கேட்கிறார். "கண்ணாடியைத் தொடச்சுத் தாறேன்" என்று சொல்லி வண்டிக்குள் குனிந்தேன். பிறகு வந்து சாவியைக் கொடுத்தேன்.

அவர் திருகினார், திருகிக்கொண்டே இருந்தார். பானெட்டைத் திறந்து பார்த்தார். எல்லாம் சிவப்பு வயர், நடுவில் என் துணித் துண்டுகள். "இதென்ன மைனி, பிராந்து புடிச்ச வண்டி?" என்றார். பேட்டரி இளைத்து, சுற்றுவதும் நின்றது. "இதை எடுத்து நான் என்ன செய்ய?" என்று சாவியை என் கையில் போட்டுவிட்டுப் போனார்.

வாசல் சிட்அவுட்டில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். அவர் வண்டியைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன செய்தேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

குனிந்து அந்தச் சுவிட்சைத் தள்ளியபோது எனக்குக் கொழுந்தன்மேல் கோபம்கூட இருக்கவில்லை. கையை விட்டுப் போய்விடுமே என்ற பயம் ஒன்றுதான் இருந்தது. அப்படியானால் அந்தச் சுவிட்சை வைத்த என் கணவருக்கும் பயம்தானா? நான் எங்கே போய்விடுவேன் என்று பயந்தார்? பெருங்கடவிளைக்குத் தனியாக ஓட்டிப் போய்த் திரும்பிய அந்த நாளில், அவர் ரோட்டு முக்கில் கொட்டுகிற மழையில் குடையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். என்மேல் எவ்வளவு பாசம் என்று அன்றைக்கு எனக்கு அப்படிப் பெருமையாக இருந்தது.