வாப்பா தின்று காட்டிய கொரியச் சோறு

என் வாப்பா கொரியாவுக்குப் போவதா, வேண்டாமா என்பது சிலாபத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னாலிருந்த ஒரு சிறிய சாப்பாட்டுக் கடையில் முடிவாயிற்று. அப்போது நான் நான்காம் வகுப்பு. கடையின் பெயர் மறந்துவிட்டது. சுவர் பச்சை, கதிரைகள் சிவப்பு; அதில் எனக்குச் சந்தேகமில்லை.

வாப்பா மீன்பிடிக்கப் போன படகை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். எங்கள் ஊர் கற்பிட்டியில் வேறு படகில் இடம் கிடைக்கவில்லை. கொரியாவில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை சரிவந்தது. போனால் சில வருடங்களுக்குத் திரும்ப முடியாது. உம்மா நேராக மறுக்கவில்லை. அந்த நாட்டுச் சாப்பாட்டைத் தன் கண் முன்னால் தின்று காட்ட வேண்டும், தின்றால் போகலாம் என்று மட்டும் சொன்னார். அதற்குக் காரணம் இருந்தது. வாப்பா கொழும்பில் வேலைக்கு நின்ற காலத்தில் கடைச் சாப்பாடு இறங்காமல் பாதி ஆளாகத் திரும்பி வந்தவர். மாமி வீட்டுக் கறியைக்கூட மணந்து பார்த்துத்தான் கையில் எடுப்பார். அதனால் உம்மா பஸ்ஸில் வழியெல்லாம் கலகலப்பாகக் கதைத்துக்கொண்டு வந்தார். வாப்பாதான் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.

கடைக்காரர் கொரியாவில் வேலை செய்துவிட்டு வந்த சிங்களவர்; அந்த நாட்டுச் சோறும் செய்து விற்றார். வாப்பா முதலில் அவரிடம் சிங்களத்தில் விசாரித்தார். இறைச்சி இல்லை, முட்டையும் கரட்டும் வெள்ளரிக்காயும்தான் என்று உறுதியான பிறகே நாங்கள் அமர்ந்தோம்.

ஒரு தட்டு வந்தது. கறுப்புத் தாளில் சுருட்டி, வட்ட வட்டமாக வெட்டிய சோறு. உம்மா பிஸ்மி சொல்லி, சோற்றுப் பார்சலைப் பிரிப்பதுபோல ஒவ்வொன்றிலிருந்தும் அந்தத் தாளை உரித்து ஓரமாக வைத்தார். பிறகு சோற்றையெல்லாம் நடுவில் கூட்டி, கலியாண வீட்டில் சுற்றியிருந்து ஒன்றாகத் தின்னும் சஹன் போல ஆக்கினார். மூவரும் ஒரே தட்டில் கைவைத்தோம். சோற்றில் நல்லெண்ணெய் மணத்தது. உறைப்பு பேருக்கும் இல்லை. எனக்குப் பிடித்திருந்தது. வாப்பாவும் இவ்வளவுதானா என்பதுபோல வேகமாகத் தின்றார்.

கடைக்காரர் ஓடி வந்தார்.

“அக்கா, அந்தக் கறுப்பு வீச வேணாம். அதுதான் சாமான். கடல் பாசி.”

உம்மா தான் உரித்து வைத்ததைப் பார்த்தார். நோன்புக்கு நாங்கள் காய்ச்சும் கடற்பாசிக்குச் சீனியாவது போடுகிறோமே என்றார். வலையிலிருந்து இதுவரை பிய்த்து வீசிய பாசியையெல்லாம் கொரியாவுக்கு அனுப்பியிருந்தால் இன்றைக்கு அந்தப் படகு எனக்குத்தான் என்றார் வாப்பா. கடைக்காரர் சிரித்தார். உம்மா சிரிக்கவில்லை. அந்தக் குவியலை வாப்பாவின் பக்கம் தள்ளினார்.

“இதையும் தின்னுங்க.”

வாப்பா ஒவ்வொன்றாக எடுத்தார். ஈரம் பட்ட பாசி விரலில் ஒட்டியது. முகத்தைச் சுளிக்காமல் மென்று விழுங்கினார். உம்மா அவருடைய தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர்க் கோப்பையை நான் நகர்த்தி வைத்தும் வாப்பா தொடவில்லை. கடைசித் துண்டு இறங்கியபோது வாப்பாவின் கண்கள் நிறைந்துவிட்டன. சட்டைக் கையால் துடைத்தார்.

“கொஞ்சம் உறைப்பு,” என்றார்.

எங்கே உறைப்பு என்று கேட்க நான் வாயெடுத்தேன். உம்மா தன் கையிலிருந்த சோற்றை என் வாயில் வைத்து அடைத்தார். அவருடைய கண்களும் கலங்கியிருந்தன.

“ஓம், உறைப்புத்தான்,” என்றார். “போயிட்டு வாங்க.”

இரண்டு பேருக்கும் மிளகாய் அகப்பட்டிருக்கிறது, எனக்குத்தான் கிடைக்கவில்லை என்று நினைத்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர்கள் எழும்பிய பிறகும், தட்டில் மிஞ்சியிருந்த சோற்றை விரலால் விலக்கி விலக்கி அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.